பெண் குரல் வரவேண்டிய இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் கண்ணாடிக் கூடு. இடது கையால் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார்.

பாட்டின் இசை ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஆண் குரல் இரண்டு வரி. பாடினார். அடுத்த இரண்டு வரி பெண் குரல். பாடப் பெண் இல்லை. வயலினும் தபேலாவும் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

அவர் மைக்கை மார்புவரை இறக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பக்கத்தில் யாரோ பாடுவதைக் கேட்கிற மாதிரி நின்றார். அந்த இரண்டு வரிக்கான இசை முடிந்ததும் மைக்கை உயர்த்தித் தன் வரியைத் தாளம் தப்பாமல் எடுத்துக்கொண்டார்.

நாங்கள் முப்பது பேர் எதிரே உட்கார்ந்திருந்தோம். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க அடித்துக்கொள்கிற கூட்டம் அது. அந்த இரண்டு வரி முடியும்வரை யாரும் இருமக்கூட இல்லை.

அவருடைய மனைவி பத்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் மாதம் அவர் வரவில்லை. பிறகு வர ஆரம்பித்தார். ஒவ்வொரு ஞாயிறும் இதே பாட்டு, இதே மாதிரி. நான் சொல்வது ஒன்பதாவது ஞாயிறு.

இரண்டு கட்டை இறக்கிய பாட்டுகள்

போன வாரம் இந்தத் தொடரில் கேசட் பதிகிற கடைகளைப் பற்றி எழுதினேன். இந்த வாரமும் பாட்டுதான். எனக்கு வேறு என்ன தெரியும்? முப்பத்தைந்து வருஷம் டைப் அடித்தேன், பாட்டுக் கேட்டேன். டைப் அடித்ததைப் பற்றி யார் படிப்பார்கள்?

தி.நகரில் கடைத்தெருவின் இரைச்சலுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே பிளவுஸ் துணிக்கடை, மேலே ஒரு ஹால். ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை அது எங்களுக்கு. எல்லாருமே பென்ஷன்காரர்கள். குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் வைத்திருக்கும் பழைய சினிமாப் பாட்டுகளை பாஸ்கர் தன் லேப்டாப்பிலிருந்து போடுவான். வரிகள் சுவரில் ஓடும். அதைப் பார்த்து நாங்கள் பாடுவோம். நோட்டில் பெயர் எழுதிவைத்து ஆளுக்கு இரண்டு பாட்டு. மூன்றாவது கேட்டால் முறைப்பார்கள்.

பாஸ்கருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். அடையாற்றின் கரையில் பிறந்து வளர்ந்தவன். அவர்கள் குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருகிறான். யார் பாட எழுந்தாலும், "எத்தினி கட்டை எறக்கணும்?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

எங்கள் வயதில் அசல் சுருதி எட்டாது. ஆண்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு இரண்டு கட்டை இறக்குவான். இருபது வயதில் எங்களைக் கிறுக்கு பிடிக்கவைத்த பாட்டுகளெல்லாம் சளி பிடித்த மாதிரி வரும். கேட்டுக் கேட்டு அதுவே பழகிவிட்டது. சமீபத்தில் ஓர் ஆட்டோவில் பழைய பாட்டு ஒன்று அசல் சுருதியில் ஓடியது. யாரோ குழந்தை பாடுகிறது என்று நினைத்தேன். அதே பாட்டைத்தான் அதற்கு முந்தின வாரம் ஹாலில் பாடிவிட்டு வந்திருந்தேன். அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை.

பத்மா மட்டும் சுருதியை இறக்கமாட்டாள். "அப்படியே போடு பாஸ்கர்" என்பாள். அறுபத்தாறு வயதில் அந்த மேல் ஸ்தாயி அவளுக்கு வந்தது. அவளோடு ஜோடிப் பாட்டுப் பாடும் பாவத்துக்கு ரங்கநாதன் சாரும் கழுத்து நரம்பு புடைக்க எட்டிப் பிடிப்பார். அவள் போன பிறகும் அவர் சுருதியை இறக்கச் சொல்லவில்லை.

கார்பன் வைத்த பாட்டு

பத்மாவும் நானும் ஒரே அலுவலகம். பக்கத்துப் பக்கத்து மேசையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து டைப் அடித்தோம். சாப்பாட்டு நேரத்தில் பாட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு வேண்டிய பாட்டை அடிப்போம். சினிமா தியேட்டர் வாசலில் விற்கிற மட்டமான காகிதப் புத்தகம் அது. நடுவே கார்பன் வைத்து இரண்டு பிரதி. மேல் பிரதி அவளுக்கு, மங்கல் பிரதி எனக்கு. இது எப்படி வழக்கமானது என்று தெரியவில்லை. நானும் கேட்டதில்லை.

லஸ் பக்கம் கேசட் பதிகிற கடைக்குக் கொடுக்கும் பட்டியலையும் டைப் அடித்துத்தான் எடுத்துப் போவோம். ஒரு மணி நேரக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டுக்கு மேல் ஏறாது. அவளுக்கு ஜோடிப் பாட்டு வேண்டும், எனக்குச் சோகப் பாட்டு வேண்டும். ஆறுக்கு ஆறு என்று பேசி முடித்துவிட்டுப் போவோம். கடையில் போய் நின்றதும் என்னுடையதில் ஒன்றை அடித்துவிட்டு அவள் ஏழாவதைச் சேர்த்துவிடுவாள்.

அந்த ஏழாவது பாட்டுதான் நான் சொல்லிக்கொண்டிருக்கும் பாட்டு. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களுக்கு உங்கள் ஞாபகம் வந்துவிடும், என்னுடையதைக் காதில் வாங்கமாட்டீர்கள்.

பத்மாவைப் பெண் பார்க்க வந்த அன்று பாடச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ஆபீசுக்கு வந்து மேசைக்குக் கீழே குனிந்துகொண்டு கிசுகிசுத்தாள். "பாடுன்னா. எனக்கு வாயில வந்தது அதான் மல்லி. பொம்பளை வரி ரெண்டும் பாடினேன். அம்மா முழிக்கறா. கீர்த்தனை பாடுவேன்னு சொல்லி வெச்சிருக்கா. நான் நிறுத்தினதும் இவர் பாட்டுக்கு ஆம்பளை வரியை எடுத்துப் பாடிட்டார்டி. அவர் அப்பா தொடையைத் தட்டி அடக்கறார்."

அப்படி முடிவான கல்யாணம் அது. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாட்டை இரண்டு பேரும் பாடினார்கள். வீட்டில், ஆபீஸ் பிரிவு உபசாரத்தில், கடைசியில் எங்கள் ஹாலில்.

எனக்கு அவள் குரல்மேல் பொறாமை. அறுபத்தேழு வயதாகிவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி எடுத்துக்கொண்டு ஓடியவள் நான்தான். என் வீட்டுக்காரர் போனபோது பதினாறு நாளும் என்னோடு இருந்தவள் அவள்தான். ஆனால் அவள் பாட எழுந்தால் மட்டும் எனக்கு வயிறு எரியும். எனக்கும் சுமாராகப் பாட வரும். அவள் இருக்கும் இடத்தில் சுமாராக வருகிறவளை யார் கூப்பிடுவார்கள்? ஹாலிலும் பாட்டுக்கு அவள், வீடியோ எடுக்க நான்.

வீடியோ வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் உண்டு. முதலில் ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு நின்றோம். பாடுகிறவர்களுக்கு எதிரே மனித முகமே தெரியவில்லை. அதனால் ஒரே ஒருவர் எடுத்து எங்கள் போன் குழுவில் போட்டால் போதும் என்று முடிவானது. என் மகன் வாங்கிக் கொடுத்த போன்தான் இருப்பதிலேயே பெரியது.

கைதட்டல்

இனி அந்த ஒன்பதாவது ஞாயிறுக்கு வருகிறேன்.

ஹாலில் முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. பாட்டுப் பாடி மனசை லேசாக்கிக்கொள்ளத்தானே வருகிறோம், வாராவாரம் இப்படித் துக்கம் கேட்டுவிட்டுப் போவதா என்று இரண்டு பேர் வெளிப்படையாகவே சொன்னார்கள். அன்றைக்கு டீ குடிக்கும்போது பாஸ்கர் என் பக்கத்தில் வந்தான்.

"பாவம்க்கா அந்த சாரு. ஒருதபா நீ கூட பாடேன். ரெண்டாவது மைக்கு சும்மாதான கீது."

அவன் சொன்னதால்தான் எழுந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். அந்தப் பாட்டின் பெண் வரிகளை மைக்கில் பாடவேண்டும் என்று எனக்கு எத்தனையோ வருஷமாக ஆசை. அவர்மேல் இரக்கமும் நிஜம்தான், ஆசையும் நிஜம்தான். இரண்டில் எது என்னை எழுப்பியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பல்லவி முடிந்தது. சரணத்தில் பெண் குரல்தான் முதலில். அவர் மைக்கை இறக்கித் தலையைச் சாய்த்தார். நான் எழுந்துபோய் இரண்டாவது மைக்கை எடுத்துப் பாடினேன்.

அசல் சுருதி. எட்டுமா என்று பயந்தேன். எட்டியது. அந்த மேலேறும் இடத்தில்கூடக் குரல் உடையவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாகப் பாடியதே இல்லை. ஹாலில் கைதட்டினார்கள். அத்தனை பேரும் சேர்ந்து எனக்குக் கைதட்டியது அதுதான் முதல் தடவை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் வரி முடிந்து அவர் வரி வந்தது. அவர் எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை. தெரு மாறி வந்துவிட்டவர் பார்க்கிற பார்வை. இசை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மைக்கை நாற்காலியில் வைத்தார், துணிப்பையை எடுத்துக்கொண்டார், கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படி இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அபிராமபுரம்

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். மந்தைவெளியில் என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மெட்ரோவுக்காகத் தோண்டித் தகரம் அடைத்திருப்பதால் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. வழி முழுக்க என்ன சொல்வது என்று மனசுக்குள் டைப் அடித்து அடித்துக் கிழித்துப் போட்டேன்.

"வாங்கோ மல்லிகா. உக்காருங்கோ" என்றார். "காபி போடறேன். டிகாக்‌ஷன் சுமாராத்தான் இருக்கும்."

"வேண்டாம் சார். அன்னிக்கு உங்களைக் கேக்காம எழுந்து பாடிட்டேன். தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க."

"நீங்க நன்னா பாடினேள்."

"சார்…"

"நெஜமாத்தான் சொல்றேன். சுருதி கொஞ்சமும் பிசகலை. அதான் இப்போ கஷ்டமாப் போச்சு."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த ரெண்டு வரிக்கு நான் சும்மா நிப்பேன் இல்லையா? இவனுக்குப் புத்தி கலங்கிடுத்துன்னு எல்லாரும் நினைச்சிருப்பா. எனக்கு அவ பாடறது கேட்கும் மல்லிகா. நடுவுல மூச்சு எடுக்கறதுகூடக் கேட்கும். ஆத்துல போட்டுப் பார்த்தேன், கேட்கலை. அந்த ஹால்ல, அந்த ஸ்பீக்கர்லதான் கேட்டுது. அதுக்காகத்தான் வந்துண்டிருந்தேன்."

"இப்போ?"

"இப்போ நீங்க பாடினதுதான் கேட்கறது."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அவளோடதைத் தேடறேன். கண்ணை மூடிண்டு முதல்லேர்ந்து பாடிப் பார்க்கறேன். அந்த இடம் வந்ததும் உங்க குரல் வந்து உக்காந்துக்கறது. உங்கமேல கோபம் இல்லை. நீங்க என்ன பண்ணுவேள்?"

போனை எடுத்துக் காட்டினார். பத்மா அவருக்கு அனுப்பிய குரல் செய்திகள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தட்டினார். "ஏன்னா, வரச்சே தயிர் வாங்கிண்டு வாங்கோ. புளிச்சிருந்தா வேண்டாம்." இன்னொன்று. "மாத்திரை டப்பா ஃப்ரிட்ஜ் மேல இருக்கு." நாற்பதுக்கு மேல் இருக்கும் என்றார். தயிர், மாத்திரை, கேஸ்காரன், பால்காரன். பாட்டு ஒன்றுகூட இல்லை.

எங்கள் குழுவில் பத்மாதான் இருந்தாள். தம்பதிக்கு ஒருவர் போதும் என்று அவர் சேரவில்லை. அவள் போன் பூட்டிக் கிடக்கிறது, திறக்கிற எண் யாருக்கும் தெரியவில்லை.

"நீங்கதானே வீடியோ எடுப்பேள்? அந்தப் பாட்டு உங்க போன்ல இருக்குமா? ஒரே ஒரு தடவை கேட்டாப் போறும். அவளை அவ இடத்துல உக்கார வெச்சுடுவேன்."

"இருக்கும் சார். கண்டிப்பா இருக்கும்" என்றேன்.

திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. செய்த தப்பை அப்படியே சரிசெய்ய ஒரு வழி கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

திரையில் பத்மா

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் தேட ஆரம்பித்தேன். காலை வணக்கப் பூக்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், பேரன் படங்கள். போன் நிரம்பிவிட்டது என்று நானே பலதை அழித்திருந்தேன். குழுவில் மற்றவர்களும் அப்படித்தான். கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வீடியோவை அழித்துவிடுவார்கள், பார்க்கிறார்களோ இல்லையோ. நானும் எடுத்து அனுப்பியதோடு சரி, ஒன்றையும் திரும்பப் போட்டுக் கேட்டதில்லை.

கிடைத்துவிட்டது. ஒரு பொங்கல் சமயத்தில் எடுத்தது. பத்மா கத்தரிப்பூ நிறப் புடவை கட்டியிருந்தாள், கையில் மைக். பக்கத்தில் அவர். சத்தத்தை முழுக்க வைத்துப் போட்டேன்.

முன்னிசை. தூரத்தில் ரங்கநாதன் சாரின் குரல். இரண்டு வரி முடிந்தது. பெண் குரல் வந்தது. காதுக்குப் பக்கத்திலேயே, பெரிதாக, கனமாக. பத்மா எதற்கு இவ்வளவு கிட்டே பாடுகிறாள் என்று ஒரு கணம் குழம்பினேன்.

அது என் குரல்.

அவள் இருபதடி தள்ளி நின்று பாடியிருக்கிறாள். நான் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடியிருக்கிறேன். பாடினேன் என்பதே எனக்குத் தெரியாது. மனசுக்குள் பாடிக்கொள்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். திரையில் பத்மா வாயசைக்கிறாள், என் குரல் வருகிறது. அவளுடைய குரல் எங்கோ அடியில் ஒரு நூல் மாதிரி கிடக்கிறது.

மிச்சமிருந்த ஏழு வீடியோக்களையும் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான்தான். ஆண்கள் பாடினதைக்கூட விட்டுவைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். ரேடியோவில் அவருக்குப் பிடித்த பாட்டு வரும். பாதியில் எழுந்துபோய் நிறுத்திவிட்டு வெளியே கிளம்பிவிடுவார். பாட்டு ரசனையே இல்லாத மனுஷன் என்று பத்மாவிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

பாஸ்கர் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் ஹாலுக்குப் போனேன். பாஸ்கர் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தான். போனை வாங்கிக் காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இது எப்பவும் இப்டித்தான்க்கா."

"எப்பவும்னா?"

"நீ எடுக்கற வீடியோ எல்லாத்துலயும் நீதான் பாடிக்கினு கீற. எல்லாருக்கும் தெரியும். சொன்னா மனசு கஷ்டப்படுவன்னு யாரும் சொல்லல."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "பத்மாவுக்கும் தெரியுமா?"

"தெரியாம இன்னா? ஒருவாட்டி நானே கேட்டேன், இன்னாம்மா, உன் பாட்ட அக்கா அமுக்கிடுதேன்னு. சிரிச்சாங்க. ஆபீசுலயும் இருவத்தெட்டு வருசமா இப்டித்தான், பழகிடுச்சுன்னாங்க."

நான் அவளைப் பார்த்து வயிறெரிந்த அத்தனை வருஷமும், அவள் என்னைப் பொறுத்துக்கொண்டு பாடியிருக்கிறாள். மேல் பிரதி, கீழ் பிரதி என்று நான் கணக்கு வைத்திருந்தேன். அவள் ஒன்றுமே வைத்துக்கொள்ளவில்லை.

"என் குரலை மட்டும் எடுத்துட முடியுமா பாஸ்கர்? எதாவது பண்ணேன்."

"மீசிக்க தனியா, கொரல தனியா பிரிக்கறதுக்கு கீதுக்கா. ஆனா ரெண்டு பொம்பள கொரலு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கினு கீது. எதப் புடிச்சு எத எடுக்கறது?"

இருந்தாலும் எனக்காக அரை மணி நேரம் முயன்றான். என் குரலைக் குறைத்தால் கூடவே பத்மாவும் குறைந்தாள். கடைசியில் இரண்டு பேரும் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி ஆனோம். "வாணாம்க்கா, அசலே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அன்றைக்கு நோட்டில் என் பெயரை எழுதவில்லை. வீடியோவும் எடுக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்காததில்தான் பாஸ்கர் சொன்னது உண்மை என்று உறைத்தது.

கேட்டது

அந்த வாரம் ரங்கநாதன் சார் இரண்டு தடவை போன் செய்தார். "கிடைச்சுதா?" என்றுகூடக் கேட்கவில்லை. "சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அழித்துவிடலாம் என்று விரல் போகத்தான் போனது. அழிந்துவிட்டது சார் என்றால் நம்பிவிடுவார். எல்லாருடைய போனிலும் நடப்பதுதானே? ஆனால் அதற்கடியில் ஒரு நூல் அளவுக்காவது பத்மா இருந்தாள். அதை அழிக்க எனக்கு என்ன உரிமை?

ஒரு சாயங்காலம் போனேன். அவர் சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார். ஜன்னலைச் சாத்தினார், மின்விசிறியை நிறுத்தினார்.

போடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். "சார், இதுலயும் நான்தான் பாடிட்டிருக்கேன். எனக்கே தெரியாது. அவ குரல் அடியில கொஞ்சந்தான் கேக்குது. பாஸ்கர்கிட்ட குடுத்துப் பார்த்தேன், முடியல."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "போடுங்கோ" என்றார்.

போட்டேன். திரையில் அவளைப் பார்த்ததும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பல்லவி. என் குரல். அவர் காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். முதல் சரணம். அதுவும் என் குரல்தான், மேலேறும் இடத்தில் இன்னும் சத்தமாக. அவர் தலை கவிழ்ந்துவிட்டது. நிறுத்தப் போனேன்.

"இருக்கட்டும்" என்றார்.

இடையிசை முடிந்து இரண்டாவது சரணம் வந்தது. என் குரல் முதல் வார்த்தையைப் பிடித்தது. அடுத்த வார்த்தைக்கு "ம்ம்" என்றது. அப்புறம் நின்றுவிட்டது.

எனக்கு இரண்டாவது சரணம் தெரியாது. எத்தனை முறை கேட்ட பாட்டாக இருந்தாலும் இரண்டாவது சரணத்தின் வார்த்தைகள் எனக்கு மனசில் நின்றதில்லை. வரிகள் சுவரில் ஓடியிருக்கும், ஆனால் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்கு வரி. யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம், கீழே தெருவில் ஹார்ன், அதற்கெல்லாம் அப்பால் பத்மா தனியாகப் பாடினாள். தூரத்திலிருந்து, மெல்லிசாக, அசல் சுருதியில். மூன்றாவது வரிக்கு முன்னால் அவள் மூச்சு இழுத்தது கேட்டது.

அவர் தலையை நிமிர்த்தினார். "இது அவதான்."

நான்கு வரி முடிந்து பல்லவி திரும்பியது. நானும் திரும்பி வந்து அவள்மேல் ஏறிக்கொண்டேன்.

"அந்த இடம் மட்டும் மறுபடியும் போடுங்கோ" என்றார்.

விரலால் நகர்த்தி அந்த இடத்தில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பத்மா பாட ஆரம்பித்தாள். ஒருமுறை கேட்டதிலேயே எனக்கு வார்த்தைகள் பிடிபட்டுவிட்டன. என் உதடு அசைந்தது. புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு, அவள் முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.